காது மிஷினுக்கு ஒரு பெட்டி

ஐந்தாம் நம்பர் பிளேடை மாட்டி
விரலால் சுண்டிப் பார்க்கிறேன்.
ஙொய் என்றால் இன்னும் முறுக்கணும்.
டிங் என்றால் போதும்.

நீடாமங்கலம், இரவு எட்டேமுக்கால்.
கேட் போட்டாச்சு.
நெல் ஏற்றிய வேகன்கள்
கடந்து முடிகிற வரைக்கும்
மேசையிலிருந்து கையை எடுத்துவிடுவேன்.
ஒருமுறை எடுக்காமல் விட்டதில்
ஒரு மயிலுக்குக் கழுத்து போச்சு.

பகலில் கொள்முதல் நிலையத்தில்
நாற்பது கிலோ, நாற்பது கிலோ என்று
மூட்டைக் கணக்கு எழுதுகிற கை.
இரவில் பென்சில் கோட்டுக்கு
உள்ளேயா வெளியேயா என்று
தலைமுடி அகலத்துக்குத் தயங்குகிறது.

மரம் பூவரசு.
கஜா புயலில் ரைஸ்மில் வாசலில் சாய்ந்தது.
விறகுக்குப் போகவிருந்ததை
முன்னூறு ரூபாய் கொடுத்து ஆட்டோவில் ஏற்றினேன்.
வெளியே வெண்ணெய், உள்ளே கருப்பட்டி.
அறுக்க அறுக்கப்
பன்னீர் தெளித்த மாதிரி ஒரு மணம்.

"இதுல என்ன வைக்கிறது?"
பெட்டியைக் கையில் வாங்கிய எல்லாரும் கேட்டார்கள்.
தோடு வைக்கலாம், சாவி வைக்கலாம்,
சும்மாவும் வைக்கலாம்.
நாத்தனார் பெருங்காயம் வைத்தாள்.
இனி அது எதற்கும் ஆகாது.

கீழ்வீட்டு அகோரமூர்த்தி மட்டும் கேட்கவில்லை.
அவர் வந்தது சண்டைக்கு.
"ஏம்மா, உன் மிஷின் ஓடுனா
என் காது மிஷினுக்குள்ள வண்டு பூந்தாப்ல இருக்கு."
மூணாறு தலைப்பில் முப்பத்தோரு வருஷம்
ஷட்டர் ஏற்றி இறக்கியவர்.
மதகுக்குக் கீழே இரைந்த தண்ணீர்
பாதிக் காதை இழுத்துக்கொண்டு போயிருந்தது.
"கழட்டி வச்சிடுவேன். வச்ச எடந்தான் மறந்துபோவுது.
போன வாரம் அரிசி டப்பாவுல கெடந்துச்சு."

பூ வேண்டாம், மயில் வேண்டாம்.
மூடியில் மூணு ஆறு போதும் என்றார்.

தண்ணீருக்கென்ன,
ஒரு இடத்துக்கு வந்து மூன்றாகப் போய்விடும்.
பிளேடுக்கு அது வராது.
வெண்ணாற்றில் போய்,
வந்த வழியே பின்னுக்கு நகர்ந்து,
தலைப்பைத் தொட்டு,
கோரையாற்றில் இறங்கி,
மறுபடி பின்னுக்கு வந்து,
அப்புறம் பாமணி.
பாமணியில் இரண்டு பிளேடு முறிந்தது.
"அது எப்பவுமே அப்படித்தான்" என்றார்.

மூன்றையும் கடலுக்கு அரை அங்குலம் முன்னால்
நிறுத்திவிட்டேன்.
ஓரம் வரைக்கும் போனால் மூடி துண்டு துண்டாகிவிடும்.
கடைமடைக்காரர்கள் மன்னிக்கணும்.

சைக்கிள் டியூப் வளையம் போட்டுக் கட்டி,
பசை காய்ந்து,
முன்னூற்றிருபது நம்பர் தாளில் தேய்த்து,
எண்ணெய் பூசிக் கொடுத்தது புரட்டாசியில்.
மூடி வெண்ணெய்யாக வழுக்கித் திறந்தது.
நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை.
அவர் படியேறி வருகிறார்,
பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.
மரம் ஊதிப் பிடித்துக்கொண்டது.
உள்ளே காது மிஷின்.
மூன்று ஆற்றின் வழியாகவும் அது விசிலடிக்கிறது.
எனக்குக் கேட்கிறது, அவருக்கு இல்லை.
"ஈரம்!" என்று கத்துகிறேன்.
"யாரு?" என்று கத்துகிறார்.

தலை உலர்த்துகிற மிஷினைப் பிடித்து
கால் மணி நேரம்.
டக்கென்று கழன்றது.
மூடியின் உள்விளிம்பில் ஒரு நூல் குறைக்கணும்,
பதினைந்து நிமிஷம், உட்காருங்கள் என்று
கையால் காட்டினேன்.

கருவியைக் காதில் மாட்டாமல்
பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.
மிஷினைப் போட்டேன்.
அவர் மேசையில் உள்ளங்கையை வைத்தார்.
மரத்தூள் அவர் மணிக்கட்டு முடியில் படிந்தது.
நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாதி வளைவில்,
எனக்கு ஒரு சத்தமும் வருமுன்னே,
அவர் கை மேசையிலிருந்து எழும்பியது.
நானும் எடுத்தேன்.

அப்புறம்தான் கேட் மணி அடித்தது.