படம் முடிந்த இடம்

முதல் தடவை வந்தபோது
பல்லுக்கு அடியில் எறும்பு ஊர்கிறது என்றாள்.
அடுத்த தடவை,
ராத்திரியில் யாரோ உள்ளிருந்து தட்டுவதாக.

நயாரெத் ஓயார்சூன். வயது இருபத்தொன்று.
போர்வெனீர் நண்டுத் தொழிற்சாலையில்
கால் உடைக்கும் வரிசையில் ஆறாவது ஆள்.

தீப்பெட்டி அளவில் ஒரு படம் எடுத்தேன்.
சொத்தை இல்லை. ஈறில் குறையில்லை.
தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாய் என்று சொல்லி
கீழ்வரிசைக்கு ஓர் உறை செய்து கொடுத்தேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்,
அதையும் சொன்னேன்
எந்தப் பல்லை என்று யோசிக்காமல்.

எட்டு மாதம்.
தாடையின் வெளிப்பக்கம் எலும்பே புடைத்திருந்தது.
குளிர்ந்த பஞ்சை வைத்தேன். துள்ளினாள்.
செத்த பல் துள்ளாது.

பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன்.
பல்லின் தலை இருந்தது, கழுத்து இருந்தது,
வேர் இறங்கத் தொடங்கும் இடத்தில்
படம் முடிந்திருந்தது.
கீழ் விளிம்பில் நகக்கண் அளவு ஒரு வெள்ளை.
கறை என்று விட்டேனா, பார்க்கவே இல்லையா,
இப்போது சொல்லத் தெரியவில்லை.

காற்று துறைமுகத்தை இரண்டு நாள் மூடியது.
நீரிணைக்கு இந்தப் பக்கம்
படகு வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.
அவள் கன்னத்தைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டி
குளிரை மருந்தாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.
என்னுடன் பேசவில்லை.
கூட வரச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை.

புந்தா அரேனாஸ் மருத்துவமனையில் பெரிய படம்.
இரண்டு வேர்களும் ஒரு வெள்ளை உருண்டைக்குள் போய்
திரும்பி வரவில்லை.
சுற்றிலும் மெல்லிய கறுப்பு வளையம்,
நிலாவுக்குக் கோட்டை கட்டியதுபோல.

டாக்டர் ஹுவென்சூர் பேனா முனையால் காட்டினாள்:
'வேரைப் பூசுகிற சாந்து இது.
நிறுத்தத் தெரியாமல் பூசிக்கொண்டே போயிருக்கிறது.
கட்டிதான். ஆளைக் கொல்லாது.
விட்டால் வளரும்.
பாதி எடுத்தால், மீதி வளரும்.'
'பல்?'
'எது பல், எது கட்டி என்று
எனக்கு ஒரு கோடு போட்டுக் காட்டு, விட்டுவிடுகிறேன்.'

உதடு மரத்தது. நாக்கில் பாதி மரத்தது.
காது மரக்கவில்லை.
ஈறைத் திறந்து, எலும்பில் ஜன்னல் வெட்டி,
பல்லை நடுவே பிளந்தபோது
ஓடு உடைகிற சத்தம்.
நாளுக்கு ஆயிரம் தரம் அவள் கேட்கிற சத்தம்தான்.
இன்று மேஜையில் இல்லை, மண்டைக்குள்.
அவள் கைவிரல்கள் தாமாகவே
அடுத்த நண்டுக்கு நீண்டன.

வந்தது நெல்லிக்காய் அளவு.
குழியின் சுவரைச் சுரண்டினார்கள்,
மறுபடியும் சுரண்டினார்கள்.
ஐந்து தையல்.

பஞ்சைக் கடித்தபடி குப்பியைக் கேட்டு வாங்கினாள்.
குலுக்கிப் பார்த்தாள்.
பிறகு என் பக்கம் திரும்பி, குழறலாக,
'முதல் நாளே தெரிந்திருந்தால்?'
'சின்னதாக இருந்திருக்கும்' என்றேன்.
'பல் அப்போதும் போயிருக்கும்.'
உண்மைதான்.
என் வாயிலிருந்து வந்தபோது அது
சாக்கு மாதிரி ஒலித்தது.

பத்தொன்பது நாள் கழித்துக் காகிதம் வந்தது:
தீங்கற்றது, முழுதாக எடுக்கப்பட்டது.
ஆறாம் மாதப் படத்தில்
எலும்பு கரையிலிருந்து உள்ளே நடக்கத் தொடங்கியிருந்தது.
தூங்குகிறாளாம். வலப்பக்கம் மட்டும் மெல்கிறாளாம்.

இப்போதெல்லாம் படத்தை
ஒரு விரல்கிடை கூடுதலாகக் கீழே அழுத்துகிறேன்.
நாக்கடியில் குத்துகிறது என்கிறார்கள்.
நேற்று ஒரு படகோட்டி என் கையைத் தட்டிவிட்டான்.
வேர்நுனி தெரியணும், அதற்கும் கீழே
கொஞ்சம் வெறும் எலும்பு தெரியணும்.
அதுவரை மறுபடி, மறுபடி.

உறையை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்,
பெட்டியோடு, கழுவித் துடைத்து.
துல்லியமாகச் செய்திருக்கிறேன்.
ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பள்ளம்.
அதற்கும்.