பொறுப்புகள்

அக்ராவிலிருந்து இரண்டு வெள்ளை வண்டிகள்.
பின்னிருக்கையில் சங்கிலி, பூட்டு, பசைவாளி,
நாற்பது அறிவிப்புத் தாள்கள்.
ஓட்டுநர் யாவ்சன் வானொலியைக் குறைத்துவிட்டு
"இன்றைக்கு எந்த ஊர் அழப்போகிறது?" என்றார்.
கோப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன்,
படிப்பதற்கில்லை.

மார்ச்சில் கோஃபொரிடுவாவில் மூன்று வாரம் இருந்தேன்.
மத்திய வங்கியின் ஆய்வாளர் என்றால்
தேநீர் வரும்,
மின்விசிறி நம் பக்கம் திரும்பும்,
"மேடம் அக்பெகோ, இந்த நாற்காலி வசதியா?"
கேட்ட கோப்பு மட்டும் வராது.
நான்காம் நாள் வந்தது:
மேலாளரின் மைத்துனனுக்குக் கடன்,
மைத்துனனின் லாரிக்குக் கடன்,
வாங்கவே படாத அந்த லாரியின்
டயர்களுக்கும் கடன்.

மூலதனப் போதுமை விகிதம்:
முப்பத்தொன்று, முன்னால் ஒரு கழித்தல் குறி.
சிறிய கோடுதான்.
அதன் கீழே பதினோராயிரம் பேர் நின்றிருந்தார்கள்,
மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல.

ஒருத்தியை எனக்குத் தெரியும்.
கோர்கோர் நார்ட்டே,
வியாழச் சந்தையில் கண்ணாடி மணி விற்பவள்.
உடைந்த பாட்டிலைப் பொடித்து அச்சில் நிரப்பி
நடுவே ஒரு மரவள்ளிக் காம்பைச் செருகிச் சுடுவார்களாம்.
காம்பு எரிந்துபோகும்.
எரிந்த இடம்தான் துளை.
அதைச் சொல்லிக்கொண்டே
ஒரு சரத்தை என் கையில் சுற்றிப் பார்த்தவள்
கேட்டாள்:
"பொற்கூடை நிதியில்தான் வாரா வாரம் போடுகிறேன்.
படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். நல்ல இடம்தானே?"

நான் இரகசியக் காப்புக்குக் கையெழுத்திட்டவள்.
ஒரு வார்த்தை கசிந்தால் ஒரு வங்கியோடு நிற்காது,
தீ பக்கத்துக் கூரைக்குத் தாவும்,
நல்ல கூரைக்கும்.
அதெல்லாம் தெரியும். பாடமே எடுத்திருக்கிறேன்.
அவளிடம்
விலை பேசினேன்.
எண்பது சொன்னாள். அறுபதுக்கு முடித்தேன்.

பிறகு என் அறிக்கை மாடி ஏறியது.
மேற்பார்வைத் துறை, சட்டத் துறை, மறுபடி மேற்பார்வைத் துறை.
உரிமையாளர்கள் அவகாசம் கேட்டார்கள்,
புதிய முதலீட்டாளர் வருகிறார் என்றார்கள்,
அவர் துபாயில் இருக்கிறார் என்றார்கள்,
அவர் விமானத்தில் இருக்கிறார் என்றார்கள்.
எத்தனை வியாழன் என்று
எண்ண வேண்டாமென்றுதான் நினைத்தேன்.
இருபத்திரண்டு.

இன்று காலை எட்டு மணிக்கு உரிமம் ரத்து.
எட்டு இருபதுக்குச் சங்கிலி.
அறிவிப்பை நான்தான் வாசித்தேன்,
முதலில் ஆங்கிலத்தில்,
யாரும் அசையாததால் ட்வியில்.
"சிறு வைப்பாளர்களுக்கு முழுத்தொகையும் வழங்கப்படும்.
தேதி பின்னர் அறிவிக்கப்படும்."
பின்னர் என்ற சொல்லுக்கு
கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

மாமரத்தடியில் மேசை போட்டுக்
கோரிக்கைப் படிவங்கள் எழுதினோம்.
எங்கள் கணக்கியலில்
மக்கள் போட்டு வைத்த பணத்துக்குப் பெயர் பொறுப்பு.
அந்தப் பத்திக்கு நேராகப்
பகல் முழுக்க எண்களை நிரப்பினேன்.

நூற்று நாற்பதாவதாக வந்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
மணிக்கட்டைப் பார்த்தாள்.
கழற்ற மறந்திருந்தேன். மறந்தேன் என்றா சொன்னேன்?
தெரியவில்லை.

"இது என் சூளை" என்றாள்.
"அறுபதுக்குக் கொடுத்தேன்."

படிவத்தை முடித்தேன். கட்டைவிரலை ஒற்றினாள்.
பையிலிருந்து இருபதை எடுத்து நீட்டினேன்.
எந்த விதியிலும் இல்லாத பணம்.
யாவ்சன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாங்கினாள்.
நன்றியும் இல்லை, வசையும் இல்லை.
அந்த ஒற்றைத் தாளை
வெயிலில் தூக்கிப் பிடித்து,
இப்படியும் அப்படியும் திருப்பி,
செல்லுமா என்று பார்த்தாள்.

அதில் இருந்தது
எங்கள் ஆளுநரின் கையெழுத்து.