தராசு பிடித்த ஞாயிறு

கொத்தமல்லி ஒரு கட்டு, கல்லுப்பு,
சட்டைக்கு ஒரே ஒரு பொத்தான்.
சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்.
மாற்றலாகி வந்து மூன்றாவது ஞாயிறு.
சேலம் போக இருபது கொண்டை ஊசி வளைவு,
திரும்பி வர இன்னொரு இருபது.
ஒரு பொத்தானுக்காக யார் போவார்?

ஏற்காட்டுச் சந்தை
மேட்டில் ஆரம்பித்துச் சரிவில் முடிகிறது.
கைதவறிய உருளைக்கிழங்கு
கருவாட்டுக்காரர் காலடியில் போய்த்தான் நிற்கும்.
எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்வார்.
கேட்டால், "தானா வந்துச்சு."
கீழிருந்து டெம்போவில் ஏறிய தக்காளிகளுக்கு
வளைவுக்கு ஓர் அடி
கன்னத்தில் விழுந்திருந்தது.
தட்டுவடை செட் போடுகிறவன்
பீட்ரூட் துருவிய கையோடே மீதி கொடுத்தான்.
பத்து ரூபாய்த் தாளில் சிவப்பாக அவன் கைநாட்டு.
வங்கிக்காரன் கண்ணில் அதுதான் முதலில் படும்.

அவள் பெயர் பொன்னுருவி என்பது
அப்போது தெரியாது.
ஆண்பிள்ளை ஸ்வெட்டர், தலையைச் சுற்றித் துண்டு.
சாக்கின்மேல் சவ்சவ் குவியல்,
ஓரமாக ஒரு படி மிளகு, நாலு பட்டர் ஃப்ரூட்,
ஒரு கூறு அவரைக்காய்.
நான் விலைகூடக் கேட்கவில்லை. சும்மா நின்றேன்.
"செத்த பாத்துக்க சார்,
பையன் பஸ்ஸுல மூட்டைய விட்டுட்டு எறங்கிட்டான்."
தராசைக் கையில் திணித்துவிட்டு
ஓடிவிட்டாள்.

பிறகு பனி வந்தது.
விலை கேட்காத மொத்த வியாபாரிபோல
மேட்டு முனையிலிருந்து
ஒவ்வொரு கடையாக வாரிக்கொண்டு வந்தது.
முதலில் வளையல் கடை.
அப்புறம் கோழிக்கூண்டு; கொக்கரிப்பை மட்டும் விட்டுவைத்தது.
கடைசியில் மிஞ்சியவை
அந்தச் சாக்கும் என் முழங்கால்களும்.

வெண்மைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.
"சவ்சவ் என்ன வெல?"
நகைக்கடன் வட்டி தெரியும்.
பயிர்க்கடனுக்கு எத்தனை நகல் வேண்டும், தெரியும்.
"இருபது" என்றேன்.
"மூணு கிலோ போடு."
அத்தனை சீக்கிரம் ஒருவர் சம்மதித்தால்
நாம் தோற்றாயிற்று என்று அர்த்தம்.
அடுத்த கைக்கு முப்பது சொன்னேன்.
"இங்கயே காய்க்கறதுக்கு இந்த வெலையா?"
இருபத்தைந்தில் வந்து நின்றோம்.
தராசு முள் நடுங்கியது. கைதான் நடுங்கியிருக்கும்.
நாள் முழுக்க லட்சங்களை எண்ணுகிறேன்;
இவ்வளவு ஈரமாய், இவ்வளவு சூடாய்
ஒரு தாளும் என்னிடம் வந்ததில்லை.

மூன்றாவது கையை மோதிரம் காட்டிக்கொடுத்தது.
எங்கள் மேலாளர், தேவசகாயம்.
கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தாலும்
படிவத்தைத் திருப்பி அனுப்புகிறவர்.
குரலைத் தொண்டைக்குக் கீழே இறக்கி
"அரைக் கிலோ பன்னண்டு அம்பது" என்றேன்.
கொசுறு கேட்டார்.
இரண்டு அவரைக்காய் போட்டேன்.
இன்னொன்று கேட்டார்.

பொன்னுருவி மூட்டையோடு வந்தபோது
எதிர்க்கடை மறுபடி தெரியத் தொடங்கியிருந்தது.
ரூபாயை எண்ணினாள், குவியலைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"கிலோ முப்பத்தஞ்சு சார் அது."
விற்ற கணக்கைச் சொன்னேன்.
எனக்குப் பேனா தேவைப்படுவதற்குள்
அறுபது ரூபாய் குறைகிறது என்றாள்.
பர்ஸைத் திறந்தேன். கையைத் தட்டிவிட்டாள்.
"காசு எதுக்கு? அடுத்த வாரம் வந்து
ஒரு மணி நேரம் உக்காரு. கழிஞ்சிரும்."

ஊருக்கே கடன் கொடுக்கிற நாற்காலியில்
திங்கட்கிழமை உட்கார்ந்தபோது
நான் மட்டும் கடன்காரன்.
மேலாளர் பக்கத்தில் வந்தார்.
"நேத்துச் சந்தையில சவ்சவ் கொள்ளை மலிவுய்யா.
ஆனா அந்த ஆளு தராசு சரியில்ல.
வீட்டுல நிறுத்தா அம்பது கிராம் கம்மி."

பொத்தானில்லாத இடத்தைக்
கையால் மூடிக்கொண்டு
"அப்படியா சார்" என்றேன்.