வசனத்தின் பின்பாதி

எட்டாவது குழி
ஆயிரத்து இருநூற்றுப் பத்து அடியில் நின்றது.
மூலனூர்க் காட்டில் முருங்கை முழுக்க வெள்ளைப் புழுதி.
விடிந்து பார்த்தால்
கிளுவை வேலிகூட நரைத்திருந்தது.

திருச்செங்கோட்டு வண்டிக்காரப் பையன்
கணக்குத் தாளை நீட்டும்போது கண்ணைப் பார்க்கவில்லை.
"பொகைதானுங்க வந்துச்சு."
"ஈரப் பொகை" என்றார் எங்க ஊட்டுக்காரர்.

நாலாவது குழிக்கு முன்பே
கோயமுத்தூரிலிருந்து ஒருத்தர் வந்தார்.
கம்பி நட்டு, ஒயர் இழுத்து
மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார்:
அடிவரை ஒரே பாறை, வெடிப்பில்லை.
அந்த மூன்று பக்கமும் நாலாக மடிந்து
பீரோக் காலுக்கடியில் இருக்கின்றன.
பீரோ இப்போது ஆடுவதில்லை.

தேங்காய்க்காரர் கையில் மட்டும்
எட்டுத் தடவையும் தேங்காய் எழுந்து நின்றது.
எட்டுத் தடவையும் அதைச் சட்னி அரைத்தேன்.

வெள்ளிக்கிழமை பயானில் ஹஜ்ரத் சொன்னாராம்,
வானத்தில் வாசல் திறந்து ஏறவிட்டாலும்
மறுப்பவன் சொல்வான்:
என் கண்ணில் ஏதோ மயக்கம்.
வந்ததும் வராததுமாக இவர் சிரித்தார்:
"நம்ம உசேன் மச்சானுக்குன்னே எறங்குன மாதிரி!"

ஒவ்வொரு குழிக்கும் முன்னால்
ஒரு வசனம் வைத்திருக்கிறார் சிக்கந்தர் ராவுத்தர்:
"கல்லுலயும் சில கல்லு இருக்குது சபுரா,
ஆறாப் பீறிடும். ரப்பு சொன்ன சொல்லு.
கோயமுத்தூர்க்காரன் பெருசா, ரப்பு பெருசா?"

அதற்கு யார் பதில் சொல்வது?

அந்த வசனம் கல்லில் தொடங்கவில்லை.
நெஞ்சில் தொடங்குகிறது.
கண்முன்னே அத்தாட்சி காட்டிய பிறகும்
இறுகிப்போன நெஞ்சு,
கல்லைப் போல, கல்லைவிட.
கல்லாவது தண்ணீர் தருமே என்று
அந்த நெஞ்சைக் கூசவைக்க வந்த சொல்லை
இவர் போர்வெல்லுக்கு எடுத்துக்கொண்டார்.

சுபுஹு தவறாமல்
முன்பாதியைச் சத்தமாக ஓதினேன்,
பல் விளக்கிக்கொண்டிருப்பவர் காதில் விழட்டும் என்று.

நேற்று ஓதுகையில் நாக்கு நின்றது.
ஐந்தாவது குழிக்கு
என் காப்பு இரண்டும் தாராபுரம் அடகுக்கடைக்குப் போயின.
கழற்றிக் கொடுத்த கை யாருடையது?
முதல் குழியிலேயே தெரியும் எனக்கு.
பீரோவுக்கு அந்தத் தாளை
முட்டுக் கொடுத்ததும் நான்தான்.

ஒரே வசனம்.
காட்டுக்குக் கல் நட்டுப் பாகம் பிரிப்பதுபோல்
ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம்.

கடைசியாக இன்னொரு கல்லும் அதில் இருக்கிறது.
ஆறாகப் பீறிடாது, பிளந்து கசியாது.
அச்சத்தில் உருண்டு கீழே விழும், அவ்வளவுதான்.
அதை இரண்டு பேரும் தொடவில்லை.

இஷா முடிந்து காட்டுக்குள் நடந்தேன்.
குழிவாயில் கட்டிய சாக்கை விலக்கி
ஒரு கல்லை விட்டேன்.
பாறையில் இடித்து, இடித்து
எங்கோ போய்க்கொண்டே இருந்தது.

"சளக்குனு கேட்டுச்சா?"
கட்டிலிலிருந்து அவர் குரல்.

கல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.
"இருங்க" என்றேன்.