தலையாட்டியதன் விலை

என் வேலை
சத்தம் புகாத ஒரு பெட்டிக்கு வெளியே உட்கார்ந்து
உள்ளே இருப்பவர் காதில்
ஒரு துளிச் சத்தம் விடுவது.
கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும்.
சிலர் கேட்காமலே அழுத்துவார்கள்,
செவிடு என்று எழுதிவிடுவேனோ என்ற பயத்தில்.
பதினோரு வருடமாக
அவர்களை நான் தவறவிட்டதில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு
"எங்க மலையைப் பார்க்க வா மேடம்" என்றாள்
கிளினிக்கைப் பெருக்கும் சுகந்தா.
செம்பூரில் ஏறி கார்கரில் இறங்கினோம்.
வரிசையாக இருபத்திரண்டு மாடிகள்,
அவற்றின் முதுகுக்குப் பின்னால் மலை,
மலையின் நெற்றியிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு.

அடிவாரத்தில் தடுப்புக் கட்டை.
போன மழையில் இரண்டு பையன்கள் வழுக்கிப் போனார்களாம்.
கேமராவோடு வந்தவர்களையெல்லாம்
திருப்பிக்கொண்டிருந்தார் போலீஸ்காரர்.
சுகந்தா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.
பிறந்த வீட்டுக்குப் போகிறவள்
யாரிடம் அனுமதி கேட்பாள்?
அவள் குடைக்குள் நானும் நுழைந்துவிட்டேன்.

உம்பர்வாடியில் பதினாறு வீடு.
பதினேழாவதாக அருவி.
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம்
ஓயாமல் பாத்திரங்களை உருட்டுவதுபோல.
சாரல் கூரை ஓட்டில் பாசியாகி
பாசி பச்சையாகி
பச்சையில் ஒரு நத்தை, யாருக்கும் அவசரமில்லை.
கொடியில் போட்ட துணி
தீபாவளிக்குத்தான் காயும் என்றாள்.
கீழே, மேகம் விலகிய ஒரு கணத்தில்
கோல்ஃப் மைதானமும் கழிமுகமும்
நான் வந்த ரயிலும், தீப்பெட்டி அளவில்.

அங்கே யாரும் கத்துவதில்லை.
புருவத்தால் கூப்பிடுகிறார்கள்.
தாய் முதுகு காட்டி நின்றால்
குழந்தை தரையை மிதிக்கிறது,
அதிர்வு பாதம் வழியே ஏற
அவள் திரும்புகிறாள்.
என் கருவிகளில் எதிலும்
இந்த அலைவரிசை கிடையாது.

பாறை ஓரத்தில்
சுகந்தாவின் தம்பி கோமா ஏதோ கேட்டான்.
மராத்தி;
மராத்திக்கு மேல் தண்ணீர்.
சிரித்தேன், தலையாட்டினேன்.
ஆறு விரல் காட்டினான்.
ஆறு மாதம் விழும் போல என்று நினைத்து
வியப்போடு இன்னொரு முறை ஆட்டினேன்.
அவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

புறப்படும்போது
கால் கட்டிய ஒரு நாட்டுக்கோழியை
என் கையில் வைத்தான்.
"என்ன இது?"
"அறுநூறு. ரெண்டு தடவை சரின்னு சொன்னியே."
சுகந்தா சிரித்துச் சிரித்து
குடையை மடக்கமுடியாமல் நின்றாள்.

போனில் அனுப்ப சிக்னல் இல்லை.
பர்ஸைக் கவிழ்த்ததில் ஐந்நூற்று நாற்பது.
மீதிக்கு அடுத்த முறை வா என்று
கோமா உதட்டை மட்டும் அசைத்தான்.
அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மகளிர் பெட்டியில்
மடியில் துணிப்பை, பைக்குள் கோழி.
கார்த்திகையில் அருவி நின்றுவிடும் என்றாள் சுகந்தா.
முதல் நாலைந்து ராத்திரி
ஊரில் ஒருவருக்கும் தூக்கம் வராதாம்.
எதிர் வீட்டுக்காரன் இருமுவதும்
புருஷன் பெண்டாட்டி முணுமுணுப்பதும்
அப்போதுதான் ஊருக்குக் காதில் விழுமாம்.
"சண்டையெல்லாம் அப்பதான் மேடம் ஆரம்பிக்கும்."

வீட்டு வாசலில்
"கதவைத் திற!" என்றேன்.
மூன்றாம் மாடி வரை எட்டிப் பார்த்தது.
ஏன் இந்தக் கத்தல் என்றார் கணவர்,
பிறகு பை அசைவதைப் பார்த்து
கேள்வியை மாற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை,
டாக்ஸி ஓட்டும் ஒரு பெரியவர்
நான் சத்தம் விடுவதற்கு முன்னாலேயே
பொத்தானை அழுத்தினார்.
கண்ணாடி வழியே என்னைப் பார்த்து
இரண்டு முறை தலையாட்டினார்.
கோழி வாங்கிவிட்டீர்களா என்று
கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.
தாளில் ஒன்றும் எழுதவில்லை.
முதலிலிருந்து வருவோம் என்று
புருவத்தால் சொன்னேன்.