சேதம் என்று ஒரு கட்டம்

வாடகைக்குப் போன கருவிகள்
திங்கட்கிழமை திரும்பி வரும்.
நடப்பவர்கள் பற்றிக்கொள்ளத்
தெருவோரம் கயிறு கட்டும் ஊர் இது, புந்தா அரேனாஸ்.
காற்றே கதவைத் திறந்து
ஆளையும் டிரில்லையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடும்.

மேசைக்குப் பின்னால் நான், நெலிதா.
என்ன செய்தீர்கள் என்று கேட்பதில்லை.
கருவி சொல்லிவிடும்.

காற்றுத் துளைகளில் வெள்ளைத் தூள்:
சுவர் உடைத்திருக்கிறார், முகமூடி போடாமல்.
ரசீதுக்குக் காத்திருக்கும்போதும் இருமுகிறார்.
சுருள் கருகிய வாடை:
சின்ன மோட்டாரைப் பெரிய வேலைக்கு அழுத்தியவர்.
மின்கம்பியில் புதிதாய் ஒரு சுற்று டேப்,
பழசு போலத் தெரியட்டுமென்று
அதன்மேல் கொஞ்சம் கிரீஸ்.
சுவிட்சைப் பூட்டியபடியே வந்தது ஒன்று.
பார்க்காமல் பிளக்கைச் செருகியிருந்தால்
மேசையிலிருந்து குதித்திருக்கும்.

ஒருமுறை டிரில் அலகில்
சிவப்புக் கம்பளி நூல்.
அரை முழம் இருக்கும், இறுகச் சுற்றியிருந்தது.
சுழல்வதன் அருகே கையுறை வேண்டாம் என்று
வாசலில் எழுதித்தான் வைத்திருக்கிறோம்.
கொண்டுவந்த பையன்
இடது கையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.
ஒற்றைக் கையால் பணத்தை எண்ணினான், இரண்டு தடவை.
அன்று மட்டும் கேட்கத் தோன்றியது.

மார்ச்சில் வந்தார் பௌதிலியோ ஓயார்சோ.
படகின் அடியில் துரு,
ஆங்கிள் கிரைண்டர் வேண்டும்.
"இந்தத் தகரத் தொப்பி மூலைக்குள் போகாது. கழற்றிக் கொடு."
தொப்பியில்லாமல் தர மாட்டேன்.
"இருபது வருடமாய் அப்படித்தான் அறுக்கிறேன்."
இருபது வருடமும் வேறு கடையில்.

சிரிக்கவில்லை அவர்.
பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தார்.
உள்ளே சொந்த டிஸ்க்குகள், ஐந்து.
நடுவிலுள்ள உலோக வளையத்தை
வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன்.
மாதம், வருடம் அடித்திருக்கும் அதில்.
கெடு முடிந்து ஆறு வருடம்.
பிசினும் மணலும்தான்,
ஈரத்தில் உள்ளுக்குள் மக்கும், வெளியே தெரியாது.
"ரொட்டியா இது, கெட்டுப்போக?"

புதிது ஒன்று வாங்கிக்கொண்டார்.
டப்பாவையும் விடவில்லை.
தொப்பியின் திருகை நான் இறுக்கிய இறுக்கு
அவர் வீட்டு ஸ்பானர் எதற்கும் அசையாது.
அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது, உண்மைதான்.

வியாழன் மதியம் திரும்பினார்.
கிரைண்டரை மேசையில் படுக்க வைத்தார்,
தூங்கும் பிள்ளையை வைப்பதுபோல்.
கவசத்தின் உட்புறம்
ஒரு வாதுமைக் கொட்டை அளவுக்குப் பிதுங்கியிருந்தது.
பக்கத்தில் டிஸ்க்கின் இரண்டு துண்டுகள்.
வளையத்தைப் பார்த்தேன். நான் விற்றதல்ல.

மூன்றாவது துண்டு?

"படகுச் சுவரில் குத்தி நிற்கிறது.
தோள் உயரத்தில், இந்தப் பக்கம்."
அவர் நிற்காத பக்கத்தைக் காட்டினார்.
பிறகு, "சத்தம் பெரிசு," என்றார்.
அவ்வளவுதான்.

முதலாளி யெர்கோ மிமிசா எட்டிப் பார்த்தார்:
"நெளிந்திருக்கிறதே. பன்னிரண்டாயிரம் பேசோ. எழுது."
படிவத்தில் சேதம் என்று ஒரு கட்டம்.
பேனா மை வர மறுத்தது,
குளிரில் எப்போதும் இப்படித்தான்.
உதறி, ஊதி, எழுதினேன்:
இல்லை.

பௌதிலியோ பணத்தை வைத்தார், எண்ணாமல்.
"தொப்பியை எனக்குக் கழற்றிக் கொடு."
இறுக்கிய திருகு எனக்கும் அசையவில்லை,
யெர்கோ வந்துதான் தட்டிக் கழற்றினார்.
மேலங்கிக்குள் அதை வைத்துக்கொண்டு
கயிற்றைப் பிடித்தபடி போனார்.

மாலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
கிரைண்டரைத் திறந்தேன்.
தூசியை ஊதினேன், கார்பன் பிரஷ் மாற்றினேன்,
அச்சு ஆடுகிறதா என்று விரலால் சுற்றிப் பார்த்தேன்.
ஆடவில்லை.

பிஸ்கட் டப்பாவை விட்டுப் போயிருந்தார்.
மீதம் நான்கு.
முழுதாய்க் குப்பையில் போட்டால்
யாராவது எடுத்துப் போவார்கள்.
கண்ணாடி அணிந்து, மேசை விளிம்பில் வைத்து
ஒவ்வொன்றாய் உடைத்தேன்.
மூன்று, காய்ந்த அப்பளம்போல் போயின.
நான்காவது முறியவில்லை,
முழு எடையையும் போட்டு அழுத்திப் பார்த்தேன்.
அது நல்லதாகவே இருந்திருக்கலாம்.
சுத்தியலை எடுத்துவர உள்ளே போனேன்.