பிடித்தம் போக

சம்பளச் சீட்டு பூட்டோடு வந்தது.
பெயரின் முதல் நான்கு எழுத்தும்
பிறந்த வருடமும் சாவி.
மூன்று முறை தப்பாகி
நாலாவதில் திறந்தபோதுதான் தெரிந்தது,
இளவஞ்சியில் ஓர் எழுத்தைக்
கம்பெனி கூடுதலாகப் போட்டிருக்கிறது.
அந்தத் தாளில் அவர்கள் கூட்டியது
அது ஒன்றுதான்.

கப்பலூரில் ஏறித்
திருநகர் வருவதற்குள்
ஐந்து தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.
மொத்தம் பதினெட்டாயிரத்து நானூறு.
பி.எஃப். ஆயிரத்து இருநூறு.
ஈ.எஸ்.ஐ. நூற்று முப்பத்தெட்டு.
கேன்டீன் ஐநூற்று இருபது,
நான் டப்பா கொண்டுபோன நாட்களையும் சேர்த்து.
யூனிஃபார்ம் முன்பணம் ஐநூறு,
வேலையை விட்டால் திருப்பித் தருவார்களாம்.
வருமான வரி: பூஜ்யம்.
கண்டக்டர் கிழித்துத் தந்த மகளிர் டிக்கெட்டிலும் பூஜ்யம்.
அரசாங்கத்துக்கு நான் இன்னும்
அவ்வளவு பெரிய ஆளில்லை.
ஆனால் தொழில் வரி என்று ஒன்று
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருமென்று
பக்கத்து மேசை ரமீலா சொல்லியிருக்கிறாள்,
அம்மை வரும் என்பதுபோல.

கையில் பதினாறாயிரத்து நாற்பத்திரண்டு.

பிடித்தம் என்று தலைப்பு.
இதற்கு முன் அந்தச் சொல்லை நான்
மழைக்கு முந்தின பசுமலைக்கும்
முறுகின தோசையின் ஓரத்துக்கும் மட்டுமே
செலவு செய்திருக்கிறேன்.

வீட்டில் வேறொரு சீட்டு
எனக்கு முன்பே தயாராகிவிட்டது.
கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம்,
அம்மாவின் சாய்ந்த எழுத்தில்:
சீட்டுப் பணம் ஐயாயிரம்
நகை வட்டி இரண்டாயிரத்து எழுநூறு
தம்பி பீஸ் ஆறாயிரம்
வாடகை நாலாயிரத்து எழுநூறு.
கூட்டினால் பதினெட்டாயிரத்து நானூறு.
ஒரு ரூபாய் பிசகில்லை.
நான் எந்த வரியிலும் இல்லை.

"ரெண்டாயிரத்து முந்நூத்தி அம்பத்தெட்டு எங்கடி?"

பி.எஃப்.பை எடுத்துச் சொன்னேன்.
நான் போடுகிற அளவு அவர்களும் போடுவார்கள்,
இரட்டிப்பு என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
போனில் பாஸ்புக்கைத் திறந்தால்
ஆயிரத்து ஐநூற்று அறுபத்தேழுதான் நிற்கிறது.
மீதி எண்ணூற்று முப்பத்து மூன்று பென்ஷன் கணக்கில்.
எனக்கு ஐம்பத்தெட்டு ஆகும்போது கிடைக்கும்.
"அதுவரைக்கும் வீட்டுக்காரர் வாடகைக்குப் பொறுப்பாரான்னு கேளு."

ஈ.எஸ்.ஐ.யைச் சொன்னேன்.
உன் சுகர் மாத்திரை இனி காசில்லாமல்,
கார்டில் உன் பெயரும் ஏறியாச்சு,
நாளைக்கே தத்தனேரி போகலாம்.
அம்மா அரிவாள்மனையை நிறுத்தினாள்.
"முதல் சம்பளத்துலயே தத்தனேரிக்கு அனுப்புறியா?"
தம்பி சிரித்ததில் தட்டுச் சோறு சிந்திற்று.
சுடுகாட்டுக்கு இல்லம்மா, ஆஸ்பத்திரிக்கு.
"ரெண்டும் ஒரே பஸ்தான்" என்றாள்.
பிறகு மருந்துக் கடை பில்லைத் தேடி எடுத்து
எண்ணூற்று நாற்பது என்ற எண்ணை
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலண்டர் தாளில்
சீட்டுப் பணத்தை அடித்து மூவாயிரம் ஆக்கினாள்.
மேற்கொண்டு முந்நூற்று ஐம்பத்தெட்டை
எங்கே கழிப்பதென்று பேனா நின்றது.

நாமினி படிவம் மட்டும் பாக்கி.
பெயர், உறவு, பங்கு சதவீதம்.
அம்மா, தாய், நூறு என்று நிரப்பினேன்.
அடுத்த வரி காலியாக இருந்தது.
அங்கே என் பெயரை எழுதிப் பார்க்க ஆசை.
கம்பெனி போட்ட அந்த எழுத்து இல்லாமல்.
போன் ஏற்றுக்கொள்ளவில்லை.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
உறுப்பினர் தமக்குத்தாமே வாரிசாக இயலாது.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்,
"பஸ் காசில்லை, சரி.
டீ குடிக்கவாவது வேணாமா உனக்கு?"
பேனா மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது.
எதை அடித்தாள் என்று
நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.